477 பெரிதா, 470 பெரிதா? பப்ஜி துப்பாக்கிகளின் டேமேஜ் கணக்கு

எம்416 துப்பாக்கி வினாடிக்கு 477 டேமேஜ், அதாவது எதிராளியின் உயிரில் 477 புள்ளி குறைப்பு. ஏகேஎம் வினாடிக்கு 470. ஆகவே எம்416தான் கெட்டி என்று மண்டபம் படகுத்துறையில் உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். "அண்ணே, நீங்க கால்குலேட்டர்ல விளையாடுறீங்க, நாங்க போன்ல விளையாடுறோம்" என்று ஏகேஎம் பக்கம் நின்று பதில் வரும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கால்குலேட்டரை இன்னும் கொஞ்சம் தட்டினால் அதுவே அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். அதற்கு மேலும் தட்டினால் மறுபடி கட்சி மாறும்.

இந்த வாக்குவாதத்துக்கு ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சீசனே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி என்று விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். எஞ்சின் வேலை, வலை சரிசெய்கிற வேலை எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் நாலு பேர் ஒரு நிழலில் உட்கார்ந்தால் அது ஒரு ஸ்குவாட். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சபுராளி, அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர், வீட்டுப் பிள்ளைகளிடம் துபாயிலிருந்து வந்த ஐபேட் இருக்கும்; மீன்பிடித் தடையெல்லாம் அவர்களுக்குக் கணக்கில்லை, ஆண்டு முழுக்க ஆட்டம்தான். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. 2021 ஜூலை 2-ஆம் தேதி பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பியது. 2022 ஜூலையில் மறுபடி ஆப் ஸ்டோரிலிருந்து இறக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. இவ்வளவு அமளியிலும் "எந்த கன் பெஸ்ட்?" என்ற கேள்விக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

முதலில் அந்த 477 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். எம்416-இன் ஒரு தோட்டாவுக்கு அடிப்படை டேமேஜ் 41. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.086 வினாடி. 41-ஐ 0.086-ஆல் வகுத்தால் 477 சொச்சம். ஏகேஎம்முக்குத் தோட்டா கனம், வேகம் குறைவு: 47 டேமேஜ், 0.1 வினாடி இடைவெளி, ஆக 470. ஊசி (UZI) என்கிற சின்னத் துப்பாக்கிக்கு ஒரு தோட்டா 26-தான், ஆனால் 0.048 வினாடிக்கு ஒன்று பறக்கும். கணக்கு 542-க்குப் போகும். எம்762, அதாவது பெரில், 46 டேமேஜை எம்416-இன் அதே 0.086 வேகத்தில் தள்ளும், 535. டிபிஎஸ் என்று எல்லோரும் சொல்வது இந்த எண்ணைத்தான். இந்தப் பட்டியலை மட்டும் நம்பினால் ஊசியை எடுத்துக்கொண்டு ஊரையே காலி செய்துவிடலாம் என்று தோன்றும். அப்படி நம்பிப் போனவர்கள் லாபியில் உட்கார்ந்து அடுத்த மேட்ச்சுக்குக் காத்திருப்பார்கள்.

டிபிஎஸ் செய்கிற தவறு ரொம்ப எளிது. டேமேஜ் தண்ணீர் மாதிரி இடைவிடாமல் ஓடுகிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. துப்பாக்கியில் அப்படி இல்லை. தோட்டா முழுசாகப் படும், இல்லையென்றால் படவே படாது. எதிராளியின் உயிர் 100. மூன்றே முக்கால் தோட்டா போதும் என்று கணக்கு சொன்னாலும், நீங்கள் சுட வேண்டியது நாலு. மீதி கால் தோட்டா வீண்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் தோட்டா நேரமே எடுத்துக்கொள்வதில்லை. விரல் பட்ட கணத்தில் அது போய்விட்டது. வேலிக்கு ஐந்து கம்பு நட்டால் நடுவில் நாலு இடைவெளிதான் வரும். தோட்டாவுக்கும் அதே கணக்கு. ஐந்து தோட்டாவில் ஒருவன் விழுவான் என்றால், காத்திருக்கும் நேரம் நாலு இடைவெளி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "வினாடிக்கு எவ்வளவு?" என்பதல்ல. "எத்தனை தோட்டா, அதில் ஒன்று கழித்து எத்தனை இடைவெளி?" என்பதுதான்.

இப்போது எதிராளிக்கு வெஸ்ட், அதாவது தோட்டாவின் அடியைக் குறைக்கும் கவசச் சட்டை, மாட்டுவோம். லெவல் 1 வெஸ்ட் அடியில் 30 சதவீதத்தைத் தின்றுவிடும், லெவல் 2 40 சதவீதத்தை, லெவல் 3 55 சதவீதத்தை. உடம்பில் எந்த இடத்தில் பட்டது என்பதற்கு ஏற்ற ஏற்றத்தாழ்வை இப்போதைக்கு விட்டுவிட்டு, எல்லாத் தோட்டாவும் நடுநெஞ்சில் படுகிறது, அங்கே பெருக்கல் 1 என்று வைத்துக்கொள்வோம்.

ஆட்டம் பாதி ஓடியபிறகு பெரும்பாலான ஆட்கள் லெவல் 2 வெஸ்ட்டில்தான் திரிவார்கள். அதில் எம்416-இன் 41, 24.6 ஆகச் சுருங்கும். நாலு தோட்டா போட்டால் 98.4. நன்றாகப் பாருங்கள், 98.4! எதிராளி 1.6 உயிரோடு நின்று திருப்பிச் சுடுகிறான். "நாலு புல்லட் பட்டுச்சு மாப்ள, விழவே மாட்டேங்குறான், ஹேக்கர்டா" என்று பாதிப் பேர் கத்துவது இந்த 1.6-ஐப் பார்த்துத்தான். ஐந்தாவது தோட்டா தேவை. நாலு இடைவெளி, 0.344 வினாடி. ஏகேஎம்மின் 47, 28.2 ஆகும், நாலில் 112.8. ஆள் விழுந்தான், 0.300 வினாடியில். பட்டியலில் பின்தங்கியிருந்த ஏகேஎம், களத்தில் முந்திவிட்டது. பெரிலும் நாலுதான் கேட்கும், ஆனால் வேகம் கூடுதல் என்பதால் 0.258. ஊசிக்கு ஏழு தோட்டா வேண்டும், ஆறு இடைவெளி, 0.288. டிபிஎஸ்ஸில் முதலிடத்தில் இருந்த ஊசி பெரிலுக்குப் பின்னால் போய்விட்டது, எம்416 கடைசி.

படகுத்துறைப் பையன்கள் ஜெயித்தார்களா? அவசரப்பட வேண்டாம். அதே எதிராளியிடம் வெஸ்ட்டே இல்லை என்று வையுங்கள், பாராசூட்டிலிருந்து இறங்கிய முதல் இரண்டு நிமிடத்தில் இருப்பதுபோல. எம்416-க்கு மூன்று தோட்டா, 0.172 வினாடி. ஏகேஎம்முக்கும் மூன்றுதான், ஆனால் 0.200. கனம் கூடியும் ஒரு தோட்டாவைக்கூட மிச்சப்படுத்தவில்லை. 141 டேமேஜ் போட்டு 41-ஐ வீணடிக்கிறது. இந்த இரண்டில் இங்கே எம்416 ராஜா. லெவல் 3 வெஸ்ட்டில் மறுபடி ஏகேஎம்: ஐந்து தோட்டா, 0.4, எம்416-க்கு ஆறு, 0.43.

லெவல் 1 வெஸ்ட்டைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் டெவலப்பர் ஒரு எண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்பது அங்கேதான் தெரியும். ஏகேஎம்மின் 47 அதில் 32.9 ஆகிறது. மூன்று தோட்டா 98.7, மயிரிழையில் போதவில்லை. நாலாவது வேண்டும், 0.3 வினாடி. எம்416-க்கும் நாலுதான், 0.258. ஆனால் ஏகேஎம்மின் அடிப்படை டேமேஜ் எல்லாக் காலத்திலும் 47 ஆக இருந்ததில்லை. 49 ஆக இருந்த காலமும் உண்டு. 49-ஐப் போட்டுப் பாருங்கள்: 34.3, மூன்றில் 102.9. மூன்றே தோட்டா, 0.2 வினாடி. டிபிஎஸ் 490-இலிருந்து 470 ஆக நாலு சதவீதம் இறங்குகிறது; ஆனால் லெவல் 1 வெஸ்ட் போட்டவனை விழவைக்கும் நேரம் ஐம்பது சதவீதம் கூடுகிறது. அப்டேட் குறிப்பில் "சிறு மாற்றம்" என்று ஒற்றை வரியில் போகும் விஷயம் இது. லெவல் 2-இல் இதே இரண்டு புள்ளி ஒன்றுமே செய்யவில்லை. 49-ஆக இருந்தாலும் நாலுதான், 47-ஆக இருந்தாலும் நாலுதான். "ஏகேஎம்மை நாசமாக்கிட்டான்" என்பவனும் "ஒண்ணும் மாறலையே" என்பவனும் ஒரே நேரத்தில் உண்மையைத்தான் பேசுகிறார்கள். இருவரும் வேறு வேறு வெஸ்ட்டைச் சுட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கீழக்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அண்ணன் தம்பி இருவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்க நேர்ந்தது. சின்னவன் அண்ணனைக் காக்கா என்று அழைத்துச் சலித்துக்கொண்டான்: "காக்கா, ஃபர்ஸ்ட் எய்ட் போட்டுட்டுத்தானே வந்தான், அவன் ஃபுல் ஹெல்த்தா இருக்க முடியாது. அப்புறம் எப்படி மூணு புல்லட்டுல விழல?" பெரியவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்: "நீ என்ன கன் வச்சிருந்த?"

சரியான கேள்வி. ஃபர்ஸ்ட் எய்ட் கிட் உயிரை 75 வரைதான் ஏற்றும். பேண்டேஜும் 75-ஐத் தாண்டாது. அதற்கு மேல் ஏற ட்ரிங்க், பெயின்கில்லர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மெட்கிட் வேண்டும். சண்டை நடுவில் யாருக்கு அவ்வளவு பொறுமை? ஆகவே நிஜத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்கும் ஆளின் உயிர் பல சமயம் 75-ஐ ஒட்டியே இருக்கும். லெவல் 2 வெஸ்ட்டோடு அந்த 75-ஐ எடுத்துக்கொண்டால், எம்416-இன் மூன்று தோட்டா 73.8. மறுபடியும் 1.2 குறைகிறது! நாலாவது வேண்டும், 0.258. ஏகேஎம் மூன்றில் 84.6, 0.2 வினாடி. ஊசி ஐந்தில் 78, 0.192, ஏகேஎம்மையே முந்திவிடுகிறது. பெரில் மூன்று தோட்டாவில் 0.172. எம்416-இன் 41 என்ற எண் லெவல் 2 வெஸ்ட்டின் மேல் பட்டால் எப்போதும் விளிம்பிலேயே வழுக்குகிறது. இதற்கு நேர்மாறானதும் உண்டு: கிரெனேடின் ஓரத்து அடியிலோ நீல வட்டத்துக்கு வெளியே நின்றதாலோ எதிராளி இரண்டே இரண்டு புள்ளி இழந்து 98-இல் இருந்தால் போதும், எம்416-க்கு நாலு தோட்டா, 0.258. ஏகேஎம் அதே 0.3-இல் நிற்கும்.

தலையில் ஒன்று பட்டாலும் கதை மாறும். இந்த வகைத் துப்பாக்கிகளுக்குத் தலையில் சுமார் 2.3 மடங்கு. லெவல் 2 ஹெல்மெட்டும் 40 சதவீதத்தைத் தின்றபின், எம்416-இன் ஒரு ஹெட்ஷாட் 56 சொச்சம். அதோடு நெஞ்சில் இரண்டு பட்டால் 105-ஐத் தாண்டும்; மொத்தம் மூன்று தோட்டா, 0.172. ஏகேஎம்முக்கு ஹெட்ஷாட் 65-ஐத் தொடும், நெஞ்சில் ஒன்று சேர்ந்தால் 93. போதாது, அதுவும் மூன்று கேட்கும், 0.2. தலையில் ஒன்று வைக்கத் தெரிந்தவனுக்கு எம்416, நெஞ்சைப் பார்த்து விரலை எடுக்காமல் ஸ்ப்ரே அடிப்பவனுக்கு ஏகேஎம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. ஊர் வழக்கமோ தலைகீழ். ஏகேஎம்மைக் கையில் எடுப்பவன்தான் "ஒன் டேப்" பேசுவான். அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஹெல்மெட் இல்லாத தலையில் ஏகேஎம்மின் ஒரே தோட்டா 108. ஆள் அங்கேயே விழுவான். எம்416 அங்கே 94-இல் நின்றுவிடும்.

தூரத்திலிருந்து குறிவைக்கும் ஸ்னைப்பர் துப்பாக்கிகளை டிபிஎஸ்ஸில் அளப்பதே வீண் வேலை. கார்98 ஒரு தோட்டா போட்டுவிட்டு போல்ட்டை இழுத்து அடுத்ததற்குத் தயாராக இரண்டு வினாடிக்குப் பக்கம் ஆகும். பட்டியலில் அது கடைசியில் கிடக்கும். அதன் மதிப்பு ஒரே கேள்வியில் இருக்கிறது: ஒரே தோட்டாவில் எந்த ஹெல்மெட் வரை போகும்? தலைக்கு 2.5 மடங்கு. அடிப்படை 75 என்று வைத்தாலும் 79 என்று வைத்தாலும் லெவல் 2 ஹெல்மெட்டைத் தாண்டி 100-க்கு மேல் போய்விடும். லெவல் 3-இல் 90-க்குள் மாட்டிக்கொள்ளும். வானத்திலிருந்து இறக்கப்படும் பெட்டியில், அதாவது ஏர் ட்ராப்பில், மட்டும் கிடைக்கும் ஏடபிள்யூஎம்மின் 105 அந்த லெவல் 3-ஐயும் உடைத்து 118-இல் முடிக்கும். ட்ராப் விழும் புகையைப் பார்த்து உயிரைப் பணயம் வைத்து ஓடுவது இந்தப் பதினெட்டு புள்ளிக்காகத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு தோட்டாகூடத் தவறாது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. தவறும். ஏகேஎம்மில் ஸ்கோப்பை விட்டால் முனைக்கும் மேகசினுக்கும்தான் அட்டாச்மென்ட் போட இடம். துள்ளலை அடக்கும் கிரிப் மாட்ட வழி கிடையாது. எம்416-இல் கிரிப், தோளில் தாங்கும் ஸ்டாக் எல்லாம் ஏறும். பெரிலுக்குக் கிரிப் உண்டு, ஸ்டாக் இல்லை. மூன்றிலும் அடக்க முடியாமல் துள்ளுவது அதுதான். லெவல் 2 வெஸ்ட்டில் ஏகேஎம் வைத்திருப்பவன் ஒரே ஒரு தோட்டாவைத் தவறவிட்டால் 0.3, 0.4 ஆகிவிடும்; ஒன்றும் தவறாத எம்416-இன் 0.344 அவனை முந்திவிடும். இருவரும் ஒவ்வொன்று தவறவிட்டால் 0.4-க்கு 0.43, மறுபடி ஏகேஎம். ஆக இரண்டு துப்பாக்கிக்கும் நடுவே இருக்கும் மொத்த வித்தியாசமும் ஒரு தோட்டாவின் ரீகாயிலுக்குள், அதாவது சுடும்போது துப்பாக்கி துள்ளுவதற்குள், அடக்கம். எனக்கு ஜைரோ, அதாவது போனைச் சாய்த்துக் குறிவைக்கும் பழக்கம் இல்லை, அதனால் எம்416. ஜைரோவில் மணிக்கட்டைத் தாழ்த்தியே ரீகாயிலை இறக்கத் தெரிந்தவர்கள் பெரிலை விட்டுவிட்டு எம்416 எடுப்பது, என் பார்வையில், சும்மா பழக்க தோஷம்.

தூரம் கூடினால் ஊசியின் பவுசு போய்விடும். அதன் தோட்டா வினாடிக்கு 350 மீட்டர். எம்416-க்கு 880, ஏகேஎம்முக்கு 715. 200 மீட்டர் தள்ளி ஓடுகிறவனை எம்416 தோட்டா தொட 0.23 வினாடி, அதற்குள் அவன் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்திருப்பான். ஊசிக்கு 0.57 வினாடி, மூன்றரை மீட்டர். அவ்வளவு முன்னால் தள்ளிக் குறிவைக்க வேண்டும், போதாக்குறைக்குத் தூரத்தில் டேமேஜும் தேய்ந்துகொண்டே போகும். கிட்டத்தில்கூட மேகசின் என்று ஒன்று இருக்கிறதே. ஊசியில் 25 தோட்டா. லெவல் 2 வெஸ்ட்டில் ஒன்றும் தவறாமல் பட்டால் மூன்று பேரை விழவைத்துவிட்டு நாலாவது ஆளின் முன்னால் நாலே தோட்டாவோடு நிற்கும். எம்416-இன் 30 தோட்டாவில் கணக்குப்படி ஆறு பேர். ஸ்குவாட் ஆடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

வேறு விளையாட்டுக்குப் போனால் எண்கள் மாறும், குணம் மாறாது. வாலரண்ட்டில் வேண்டல், ஃபேண்டம் என்ற இரண்டு துப்பாக்கிகளில் எது பெரிது என்ற சண்டை உலகப் பிரசித்தம். கவசம் சேர்த்து உயிர் 150. பல ஆண்டுகளாக இருந்த எண்களின்படி வேண்டல் எந்தத் தூரத்திலும் உடம்பில் 40, தலையில் 160. ஃபேண்டம் 15 மீட்டர் வரை 39, அதைத் தாண்டினால் 30 மீட்டர் வரை 35. வேண்டல் வினாடிக்கு 9.75 தோட்டா, ஃபேண்டம் 11. கிட்டத்தில் இரண்டுக்கும் உடம்பில் நாலு தோட்டா. வேகமான ஃபேண்டம் 0.27, வேண்டல் 0.31. 15 மீட்டரைத் தாண்டியதும் ஃபேண்டமுக்கு ஐந்து வேண்டும், 0.36. அதன் ஹெட்ஷாட்டும் 140-க்கு இறங்கி, முழுக் கவசம் போட்டவனை ஒரே அடியில் விழவைக்காது. பப்ஜியில் வெஸ்ட் செய்ததை அங்கே தூரம் செய்கிறது. ஃப்ரீ ஃபயரில் உயிர் 200, கேரக்டர் திறமைகள் வேறு குறுக்கே வரும். அங்கே தோட்டாவை எண்ணுவதற்கு முன் எதிராளி எந்தக் கேரக்டர் என்று பார்க்க வேண்டும்.

இனி நம் கரைக்கே உரிய ஒரு தலைவலி. மேலே சொன்ன வித்தியாசங்களை மறுபடி பாருங்கள்: 0.344-க்கும் 0.300-க்கும் நடுவே 44 மில்லி செகண்ட். நீங்கள் சுட்டது சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, எதிராளி விழுந்தானா என்று திரும்பி வர ஆகும் நேரம்தான் பிங். அது 40-இலிருந்து 100-க்கு ஏறினாலே 60 மில்லி செகண்ட் போச்சு. ஏகேஎம்மைக் கையில் எடுத்துச் சம்பாதித்ததெல்லாம் அதில் கரைந்துவிடும். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் கூட்டம் நெரியும் நாளில் ராமேஸ்வரத்து டவர்கள் திணறும். அன்றைக்கு எந்தத் துப்பாக்கியும் மோசமான துப்பாக்கிதான். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் காட்டும்; ஆட்டம் நடுவில் அது நடந்தால் கேரக்டர் நின்ற இடத்திலேயே நின்று அடிவாங்கும். போன் சூடும் கூட்டாளிதான். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஆடினால் சில மேட்ச்சிலேயே போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வினாடிக்கு 60 ஃப்ரேமில், அதாவது 60 படத்தில், ஓடிய ஆட்டம் 30-க்கு இறங்கினால் ஒவ்வொரு படமும் 33 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் மாறும். ஊசியின் தோட்டாவோ 48 மில்லி செகண்டுக்கு ஒன்று. துப்பாக்கி துள்ளுவது கண்ணுக்குத் தெரிந்து விரல் இறங்குவதற்குள் தோட்டா வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பழைய போன் வைத்திருப்பவர்களிடம் ஏகேஎம், எஸ்கேஎஸ் போல மெதுவாகச் சுடுவதை எடுக்கச் சொல்வேன். அது கௌரவக் குறைச்சல் இல்லை.

இந்த எண்களை என் வாயிலிருந்து வந்தது என்று அப்படியே நம்ப வேண்டியதில்லை. அப்டேட் வந்தால் இவையும் மாறும். சுடும் வேகத்தை வீட்டிலேயே அளக்கலாம். பயிற்சி மைதானத்தில் இறங்கி, ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை 60 ஃப்ரேமில் போட்டு, எக்ஸ்டென்டட் மேகசின் இல்லாமல் ஆட்டோவில் விரலை எடுக்காமல் ஒரு மேகசினைக் காலி செய்யுங்கள். பிறகு வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, முதல் தோட்டாவின் தீப்பொறியிலிருந்து கடைசித் தோட்டா வரை எண்ணுங்கள். எம்416-இன் 30 தோட்டாவுக்கு 29 இடைவெளி, 2.49 வினாடி வர வேண்டும். ஏகேஎம்முக்கு 2.9. ஊசியின் 25 தோட்டா 1.15 வினாடியில் தீர்ந்துவிடும். வந்த நேரத்தை இடைவெளியின் எண்ணிக்கையால் வகுங்கள். தோட்டாவின் எண்ணிக்கையால் வகுத்தால் ஊசி இருப்பதைவிட வேகமாகத் தெரியும். ரெக்கார்டிங்கே போனைச் சூடாக்கும் என்பதால், இதைக் காலையில் மேட்ச் ஆரம்பிப்பதற்கு முன்னால், சார்ஜரைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது.